எழுபத்தெட்டு

லுவான் ஓட்டுவது தண்ணீர் வண்டிதான். ஆனால் அதன் முதுகில் அண்டா அளவுக்கு ஒரு குழாய்வாய் இருப்பதால் ஊரில் எல்லோரும் அதைப் பீரங்கி என்றே சொன்னார்கள். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் தூள்தூளாகி நாலு மாடி உயரத்துக்குப் பாயும். எதிரி யாரென்று கேட்டால் காற்று என்பார்கள் மாநகராட்சிக்காரர்கள். வீடுகளைச் சூடேற்றும் நிலக்கரிக் கொதிகலன்கள் எரியத் தொடங்கும் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைக்கும் லுவான் தினமும் காலை ஐந்து மணிக்கு வந்து ஒரே ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். அந்த இடம் ஒன்பதாம் எண் நடுநிலைப் பள்ளி.

இத்தனை பெரிய ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் இந்த அபிஷேகம் என்றால், காற்றை அளக்கும் பெட்டி அதன் கூரையில்தான் இருந்தது. பெட்டி உறிஞ்சும் காற்றுதான் அந்த வட்டாரத்தின் காற்று. அது மணிக்கொரு தரம் சொல்லும் எண்தான் எல்லோருடைய கைப்பேசியிலும் வரும். நூற்றுக்குள் இருந்தால் மஞ்சள், யாருக்கும் கவலையில்லை. ஏற ஏறச் சிவப்பு, ஊதா. ஊதா வந்துவிட்டால் மேலே இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவரைக் காய்ச்சுவார். அந்தக் காய்ச்சல் படிப்படியாக இறங்கி, கடைசியில் சூப்பர்வைசர் பெங் வாய்வழியாக லுவான் தலையில் விடியும்.

லுவானை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் அடித்தால் தூசி அடங்கும், அதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றவன். ஆலை மூடியதும் கிடைத்த வேலை இது. ஆலைக் குடியிருப்பு பள்ளிக்கு நேர் எதிரே இருந்தது. அதில் மூன்றாம் மாடியில் அவன் வீடு. ஊருக்காகச் செய்யும் வேலையில் தன் பெண்டாட்டி மூச்சுக்கும் நல்லது நடக்கிறது என்று உள்ளுக்குள் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமைதான் கண்ணை மறைத்தது என்று பிற்பாடு தோன்றியது. பிற்பாடு தோன்றி என்ன பிரயோசனம்?

அவன் மனைவி யான்பிங்குக்குப் போன ஜனவரியில் ஒரு நாள், நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கும்போதே கையிலிருந்து குச்சிகள் நழுவி விழுந்தன. வாய் ஒரு பக்கம் கோணியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகி, விழுந்த குச்சியைத் தானே குனிந்து எடுத்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில், இது வெறும் எச்சரிக்கை, அடுத்தது பக்கவாதமாகவே வரலாம், அதனால் காற்று கெட்டுக் கிடக்கும் நாளில் வாசல் தாண்டாதே, எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போ என்று சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடி போட்டாலும் கைப்பேசி எழுத்து அவளுக்குப் புழுப்போல நெளியும். எண்ணைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை லுவான் தானே ஏற்றுக்கொண்டான். அன்றிலிருந்து தினமும், ஆறு மணி எண் வந்ததும், வண்டியிலிருந்தே அவளுக்குப் போன் போடுவான்.

அவளுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. குடியிருப்புப் பெண்கள் பதினொரு பேர் பழைய கேன்டீன் முன்னால் இருக்கும் திடலில் தினமும் ஆறரைக்கு ஆடுவார்கள். எல்லாம் ஐம்பத்தைந்துக்கு மேல். சும்மா உட்கார்ந்தால் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி. ஆட்டத்துக்குத் தலைவி கெங் அக்கா. சக்கரம் வைத்த ஒலிப்பெட்டியை இழுத்து வந்து, அதைத் தன் கைப்பேசியோடு இணைத்துப் பாட்டுப் போடுவாள். ஒரு தடவை ஆட்டத்தின் நடுவே அவள் மகன் கூப்பிட, அவன் பெண்டாட்டியைப் பற்றி அழுத அழுகை முழுவதும் அந்தப் பெட்டி வழியாகத் திடலுக்கே கேட்டது. குடியிருப்புக்கு ஒரு வாரம் அதுவே பொழுதுபோக்கு. இந்தப் பதினொரு பேரும் லுவானுக்கு மழை மகராசன் என்று பேர் வைத்திருந்தார்கள். மகராசன் யான்பிங்கிடம் எண் சொல்ல வேண்டும், அவள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், பிறகுதான் ஆட்டம்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம், மூன்று நாளாகக் காற்றே அசையவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. அந்தக் குளிரில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பது விதி, சாலை உறைந்து வழுக்கும். சூப்பர்வைசர் பெங்கோ, சாலையைப் பார்க்காதே, கூரையைப் பார் என்று சொல்லியிருந்தார். பள்ளி வாசலில் நின்ற பைன் மரங்கள் மேலெல்லாம் பனிக்கட்டி மூடிக் கண்ணாடிப் பொம்மைகளாக நின்றன. லுவான் இரண்டு முகமூடி போட்டும் தொண்டை கரகரத்தது. பள்ளியின் இரண்டாம் மாடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நம் பீரங்கி கிளப்பும் மூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனான்.

ஆறு மணி எண் வந்தது. அதைப் பார்த்துவிட்டு போன் போட்டான்.

"என்ன மகராசா, இன்னிக்கு என்ன தீர்ப்பு?" என்றாள் யான்பிங்.

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டா? ஜன்னல்லேர்ந்து பார்த்தா எதுத்த கட்டிடமே காணோமே."

"அது என் தண்ணி மூட்டம்டி. உனக்காக வானத்தையே துவைச்சுப் போட்டிருக்கேன். போய் ஆடு."

"துவைச்ச லட்சணம்தான் தெரியுதே" என்று சிரித்தாள். வரும்போது பொரித்த மாவுக்குச்சி நாலு வாங்கி வரச் சொன்னாள், சோயாப் பால் தான் காய்ச்சி வைப்பதாகச் சொன்னாள். வைக்கும்போது, மறக்காமல் இருக்க, "எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வைத்தாள்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் கெங் அக்காவிடமிருந்து போன் வந்தது. யான்பிங் விழுந்துவிட்டாள், என் மருமகன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் லுவான் காதில் ஏறவில்லை. பீரங்கியை அப்படியே திருப்பினான். பொத்தானை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூன்று தெருவுக்கு வழிநெடுகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே அந்த வண்டி ஓடியது. பலகாரக் கடையில் நின்றவர்கள் கிண்ணத்தோடு சிதறி ஓடி, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்ற பிறகுதான் பீரங்கி ஓய்ந்தது.

உள்ளே கட்டில்கள் நடைபாதைக்கே வந்திருந்தன. கட்டிலுக்கு ஒரு கிழவனோ கிழவியோ. பாதிப் பேருக்கு வாய் ஒரு பக்கம் தொங்கியது. இத்தனை பேரா என்று லுவான் திகைத்துப்போய் நின்றான். ஏழாவது கட்டிலில் யான்பிங் கிடந்தாள். ஆட்டத்துக்குப் போடும் சிவப்புக் கோட்டு மேலே இருந்தது. வலது கை தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பத்து விரல் நுனியிலும் பொட்டுப் பொட்டாக ரத்தம். விழுந்தவளின் விரல்களைத் தையல் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் அடைப்பு விட்டுவிடும் என்று திடலில் யாரோ சொல்ல, ஆளுக்கு ஒரு விரலாகக் குத்தியிருக்கிறார்கள். அதிலேயே இருபது நிமிஷம் போயிருந்தது.

டாக்டர் தெங் முப்பது வயதுப் பெண். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம். விரல்களைப் பார்த்து ஏற்கெனவே கெங் அக்காவைக் காய்ச்சி எடுத்திருந்தார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தவறினால் ஊசியே ஆளைக் கொன்றுவிடலாம். எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தாக வேண்டும். காலையில் எழும்போதே கோளாறோடு எழுந்தாளா, இல்லை திடலில்தான் வந்ததா? இரண்டாவது பாட்டு என்றாள் ஒருத்தி. இல்லை, நாலாவது என்றாள் இன்னொருத்தி. வந்ததிலிருந்தே அவள் கால் தப்பாகத்தான் விழுந்தது என்றாள் மூன்றாமவள். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

"கடைசியா இவங்க எப்போ நல்லாப் பேசினாங்க? குத்துமதிப்பு வேணாம், சரியான நேரம் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

லுவான் கைப்பேசியில் காலையில் பேசிய பதிவைத் திறந்து காட்டினான். ஆறு பன்னிரண்டு. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி.

டாக்டர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. நர்ஸைக் கூப்பிட்டு ஊசியைத் தயார் செய்யச் சொன்னார். "நீங்க போன் பண்ணினதுதான் இவங்களைக் காப்பாத்துது. எல்லாப் புருஷனும் இப்படித் தினம் கூப்பிட்டா எங்களுக்குப் பாதித் தலைவலி இல்ல. பேசும்போது வார்த்தை குழறுச்சா?"

"இல்லம்மா. தெளிவாத்தான் பேசினா. கிண்டல்கூடப் பண்ணினா."

"என்ன பேசினீங்க?"

லுவான் வாயைத் திறந்தான். மாவுக்குச்சியைப் பற்றிச் சொன்னான். சோயாப் பாலைப் பற்றிச் சொன்னான். அதற்கு முன்னால் என்ன என்று டாக்டர் கேட்டார். அதற்கு முன்னால் எண் சொன்னதைச் சொன்னான்.

"எழுபத்தெட்டா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். விடிந்த பிறகும் வெளியே பழுப்பாக ஒரு சுவர்தான் நின்றது. எதிர்க் கட்டிடம், சிம்னி, ஆறு, எதுவுமே இல்லை. தன் கைப்பேசியை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆற்றங்கரை, முன்னூற்று நாற்பத்தாறு. ரயில் நிலையம், முன்னூற்று முப்பத்தொன்று. பூங்கா, முன்னூற்று ஐம்பத்திரண்டு. ஒன்பதாம் எண் பள்ளி, எண்பத்தொன்று.

"இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றார் டாக்டர். சொன்னது அவனிடம்தான், கேட்டதென்னவோ தன்னையே. "ஊர்லயே நல்ல எண் உங்க பக்கம். ஆனா காத்து கெட்ட வாரத்துல பக்கவாதத்தோட வர்றவங்க உங்க பக்கத்து ஆளுங்கதான் ஜாஸ்தி. மத்தவங்க எண்ணைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள இருக்காங்க. உங்க ஆளுங்க மட்டும் வெளியே வந்துடறாங்க."

அப்போதுதான் அவர் கண் அவன் கோட்டில் விழுந்தது. அதில் உறைந்திருந்த பனிக்கட்டி உருகிக் காலடியில் குளமாக நின்றது. மார்பில் மஞ்சள் எழுத்தில் மாநகராட்சித் தண்ணீர் வண்டிப் பிரிவின் பேர். டாக்டர் அதைப் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஊசி போடக் கட்டில் பக்கம் திரும்பிவிட்டார். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது லுவானுக்கு. தன் வாயாலேயே அவளைக் கூப்பிட்டு, போய் ஆடு என்று அனுப்பிவிட்டு வந்திருக்கிறான்.

பெங்கிடமிருந்து போன் மேல் போன் வந்தது. எடுக்கவில்லை. நடைபாதைத் தரையில் உட்கார்ந்து, அடுத்தடுத்த எண்ணுக்காகக் கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தான். பள்ளியைச் சுற்ற இப்போது யாரும் இல்லை. எட்டு மணிக்கு நூற்றுத் தொண்ணூறு. ஒன்பது மணிக்கு முன்னூற்று முப்பத்தெட்டு. இரண்டே மணி நேரத்தில் அவன் தெருவின் காற்று ஊர்க் காற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மூன்று குளிர்காலமாக அவன் துவைத்தது வானத்தை இல்லை, கூரைமேல் இருந்த ஒரு பெட்டியின் மூக்கை. பத்து மணிக்கு எண் மறுபடி தொண்ணூற்றாறு என்று இறங்கியது. பெங் வேறு ஓட்டுநரை வேறு வண்டியோடு அனுப்பிவிட்டார் என்று புரிந்தது.

கடைசியில் பெங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஒரு பை ஆப்பிளும் கொண்டுவந்திருந்தார். வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு அவனை ஓரமாக அழைத்துக்கொண்டுபோய், ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம்தானே இருக்கிறது, ஆஸ்பத்திரியில் யாரிடமும் வேலையைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். லுவான் தலையை ஆட்டினான். யான்பிங்குக்கு மருந்து, வைத்தியம், வீட்டுக்கு ஓர் ஆள், எல்லாம் அந்த ஓய்வூதியத்தை நம்பித்தான் இருக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியாதா?

மாலை நாலு மணிக்கு யான்பிங் கண் திறந்தாள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். வலது கால் லேசாக அசைந்தது. லுவானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் கட்டில்மேல் குனிந்து, உங்க பேரைச் சொல்லுங்க என்றார்.

யான்பிங் அவரைப் பார்த்தாள். உதடுகளைக் கூட்டினாள். வார்த்தை துல்லியமாக வந்தது.

"எழுபத்தெட்டு."

வயது கேட்கிறார் என்று நினைத்திருப்பாளோ என்று கெங் அக்கா சமாதானம் சொன்னாள். ஆனால் அவள் வயது ஐம்பத்தேழு. இவர் யாரு தெரியுதா என்று டாக்டர் லுவானைக் காட்டினார். தெரிந்தது. கண்ணில் தெரிந்தது, இடது கையை அவனை நோக்கி நீட்டினாள். "எழுபத்தெட்டு" என்றாள். தான் சொன்னது தனக்கே கேட்டுத் திடுக்கிட்டுப்போய், திருத்திக்கொள்ள மறுபடி முயன்றாள். மறுபடியும் அதுவேதான் வந்தது. மூன்றாம் முறை அவள் கண்ணில் ஏறிய பீதியை லுவானால் பார்க்க முடியவில்லை.

மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது, சிலருக்கு அடி விழுந்த நேரத்தில் வாயிலிருந்த ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், மற்றவை மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். கெங் அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆட்டத்துக்குத் தாமதமாக வந்த சியே என்பவள், இன்று எண் என்ன என்று தூரத்திலிருந்து கேட்டாளாம். யான்பிங் ஆடிக்கொண்டே, சத்தமாகப் பதில் சொன்னாளாம். சொன்ன வாய் மூடவில்லை, விழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு லுவானின் போன் அடித்தது. கெங் அக்கா. யான்பிங் எப்படி இருக்கிறாள், தூங்கினாளா, கஞ்சி இறங்கியதா என்று வரிசையாகக் கேட்டாள். லுவான் பதில் சொன்னான். அப்புறம் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"தப்பா எடுத்துக்காத லுவான். யான்பிங்குக்குப் பிரஷர் இருந்துச்சு, அதான் இப்படி ஆயிடுச்சு. நாங்களும் உட்கார்ந்துட்டா எங்களுக்கும் அடைச்சுக்கும்னு எல்லாருக்கும் பயம். போன்ல எண்பத்துமூணுன்னு போட்டிருக்கான். நீ சொன்னாத்தான் நம்புவோம்னு இங்க நிக்கிறாங்க. போகலாமா?"

லுவான் ஜன்னலைப் பார்த்தான். பழுப்புச் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. பெங்கின் கை இன்னும் தோளில் இருப்பதுபோல் பட்டது. இரண்டு வருஷம். "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

பின்னால் கட்டிலிலிருந்து யான்பிங் உரக்கச் சொன்னாள்: "எழுபத்தெட்டு."

"அட, கேட்டதுக்குப் பதில் சொல்றாளே யான்பிங்! பேச்சு திரும்பிடுச்சே!" கெங் அக்காவின் குரல் அழுகையும் சிரிப்புமாகத் துள்ளியது. "எழுபத்தெட்டாம், புள்ளைங்களா, வாங்க வாங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது.

லுவான் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. இந்நேரம் ஒலிப்பெட்டியை இழுத்துக்கொண்டு போவாள். மறுபடி கூப்பிட்டான். வரிசை கட்டுவார்கள். பத்துப் பேர். அதில் இருவருக்குச் சர்க்கரை, சியேவுக்கு இதயக் குழாயில் கம்பிச் சுருள் வைத்திருக்கிறது. அவன் விரல் வழுக்கி வேறு யாருக்கோ போன் போனது. வெட்டிவிட்டு நாலாம் முறையாக அழுத்தினான். இந்தத் தடவை எடுத்தாள். பாட்டு பாதியில் அறுந்து, பெரிய திடல் ஒன்றின் காலி ஓசை கேட்டது.

"ஆட்டத்தை நிறுத்துங்கக்கா. எல்லாரும் உள்ள போங்க."

தன் குரலே சுவர்களில் மோதித் தனக்குத் திரும்பி வந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் பேசுவது ஒலிப்பெட்டி வழியாகத் திடல் முழுக்க, குடியிருப்பு முழுக்க, பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்துவிடலாம். வைக்கவில்லை.

"ஏன், எழுபத்தெட்டுதானே? யான்பிங்கே சொன்னாளே" என்றாள் கெங் அக்கா.

"அவளுக்கு இன்னும் வேற வார்த்தை வரலக்கா. அது நேத்து நான் சொன்ன நம்பர். காத்தோட நம்பர் இல்ல, நான் பண்ணின நம்பர். பெட்டி மேல தண்ணி அடிச்சு அடிச்சுப் பண்ணினது. ஊர்ல முன்னூத்துச் சொச்சம். நம்ம திடல்லயும் அதேதான்."

யாரோ இருமினார்கள். அதுவும் ஒலிப்பெட்டி வழியாகப் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச தூரத்தில், பள்ளியைச் சுற்றும் பீரங்கியின் இரைச்சல் நெருங்கி வந்து விலகிப் போனது.

"எத்தனை நாளா?" என்று ஒரு குரல் கேட்டது. சியேவின் குரல்போல் இருந்தது.

"மூணு குளிர்காலமா."

திட்டுவார்கள் என்று காத்திருந்தான். வம்சத்தை இழுத்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒருத்தியும் திட்டவில்லை. ஒலிப்பெட்டியின் சக்கரங்கள் உருளும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

லுவான் திரும்பினான். யான்பிங் கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். புரிந்திருந்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இடது கையால் அவன் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எழுபத்தெட்டு" என்றாள், மெதுவாக, நேற்றுக் காலை போனில் சந்தேகத்தோடு கேட்டாளே, அதே கேள்விபோல.

தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் கோப்பையை எடுத்து அவள் உதட்டில் வைத்தான். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து அதையே இன்னொரு முறை கேட்டாள்.